சிறாருக்கான இரைப்பைத் துளையீட்டு முறைகள்

சிறாருக்கான இரைப்பைத் துளையீடு என்பது, வாய்வழியாகப் போதிய உணவையோ நீரையோ மருந்தையோ உட்கொள்ள இயலாத குழந்தைக்கு, வயிற்றின் முன்சுவரிலிருந்து நேராக இரைப்பைக்குள் ஒரு குழாயைப் பொருத்தும் மருத்துவச் செயல்முறை ஆகும். இதனைச் செய்ய நான்கு முறைகள் வழக்கில் உள்ளன. அவை வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, வாய்வழி எண்டோஸ்கோப்பி, லேப்பராஸ்கோப்பி, எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணையுடன் செய்யும் முறை என்பனவாகும். எம்முறையைக் கையாண்டாலும் இறுதியில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே அளவிலான துளைதான். ஆயினும், வயிற்றுச் சுவருக்கும் இரைப்பைக்கும் இடையில் என்ன உள்ளது என்பதை மருத்துவர் நேரே காண்கிறாரா, அல்லது வேறு அறிகுறிகளைக் கொண்டு ஊகிக்கிறாரா என்பதில் இம்முறைகள் தம்முள் வேறுபடுகின்றன. அரிதாக நேரும் கடுமையான சிக்கல்கள் பல இவ்வேறுபாட்டையே சார்ந்தவை.

சொல் விளக்கம்

தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் உறுப்பு உணவுக்குழல், உணவுக்குழாய் என இருவகையாகவும் தமிழகத்தில் வழங்கப்படுகிறது. இலங்கைப் பாடநூல்கள் இதனைக் களம் என்று குறிக்கின்றன. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, இக்கட்டுரையில் உறுப்பு உணவுக்குழல் என்றும், உணவு செலுத்தும் மருத்துவக் கருவி ஊட்டுக்குழாய் என்றும் குறிக்கப்படுகின்றன. ஊட்டுக்குழாயின் பருமன் பிரெஞ்சு அளவில் கூறப்படும். ஒரு பிரெஞ்சு என்பது விட்டத்தில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் ஆகும். எனவே 12 பிரெஞ்சுக் குழாயின் வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர்.

தேவை

பெருமூளை வாதம் முதலிய நரம்பியல் குறைபாடுகள் உள்ள சிறார், பிறவி இதயக் குறையுள்ள கைக்குழந்தைகள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நாட்பட்ட சிறுநீரக நோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கு மருத்துவம் பெறுவோர் என இத்துளையீடு தேவைப்படுவோர் பலதரத்தினர். இவர்களுள் பெருந்தொகையினர் விழுங்குதலில் இடர்ப்பாடு உடையவர்கள். உணவு அடிக்கடி புரையேறி மூச்சுக்குழலுக்குள் செல்வதால் இவர்களுக்கு நுரையீரல் அழற்சி மீண்டும் மீண்டும் ஏற்படும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் நரம்பியல் குறைபாடுள்ள சிறாரிடையே நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கால்பங்குக்கும் மேற்பட்ட பெற்றோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் உணவூட்டுவதிலேயே செலவிடுவதாகத் தெரிவித்தனர். அவ்வளவு நேரம் ஊட்டியும் குழந்தையின் எடை ஏறாமையே துளையீட்டை நாடுவதற்கு வழக்கமான காரணமாகும்.

சில வாரங்களுக்கு மட்டும் உதவி தேவையெனில் மூக்குவழிக் குழாய் போதுமானது. இதற்கு மயக்க மருந்தோ அறுவையோ வேண்டியதில்லை. ஆயினும் இது எளிதில் கழன்றுவிடும்; ஒட்டுப்பட்டையால் கன்னத்தின் தோல் புண்ணாகும்; ஒவ்வொரு முறை செருகும்போதும் தவறி மூச்சுக்குழலுக்குள் செல்லும் வாய்ப்பும் உண்டு. செருகிய பின்னர் ஊசிக்குழலால் காற்றைச் செலுத்தி வயிற்றில் ஒலி கேட்கிறதா எனப் பார்ப்பது நெடுங்கால வழக்கம். நுரையீரலுக்குள் காற்றுச் சென்றாலும் அத்தகைய ஒலி வயிற்றின்மேல் கேட்கக் கூடுமாதலால், இவ்வழக்கம் நம்பத்தக்கதன்று. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் பாதுகாப்பு அறிவிப்பு இதனைக் கைவிடுமாறு கூறி, உறிஞ்சி எடுத்த நீர்மத்தின் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருத்தல் வேண்டும் என வகுத்தது. அதனால் உறுதிசெய்ய இயலாவிடின் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க வேண்டும். இடம் தவறிய குழாயைக் கண்டறியாமல் உணவு செலுத்துதல், அந்நாட்டில் 2009ஆம் ஆண்டு முதல் ஒருபோதும் நிகழக்கூடாதவை என்னும் பட்டியலில் உள்ளது.

குழாயின் தேவை மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் எனக் கருதப்படும்போது துளையீடு பரிசீலிக்கப்படுகிறது. துளையீட்டுக்குப் பின்னரும், விழுங்குதல் பாதுகாப்பானதாக இருப்பின், குழந்தை வாயால் உண்ணலாம். குழாய் வைத்தால் வாயால் உண்பது அடியோடு நின்றுவிடும் என்னும் அச்சமே பல பெற்றோர் இதனைத் தள்ளிப்போடக் காரணமாக இருப்பதால், இச்செய்தியை முதலிலேயே விளக்குதல் நன்று.

வரலாறு

இரைப்பையில் துளையிட்டு உணவூட்டும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. 1849இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் சார்லஸ் செடியோ செய்த முதல் அறுவையில் நோயாளி பிழைக்கவில்லை. 1894இல் மார்ட்டின் ஸ்டாம் விவரித்த முறை இன்றளவும் திறந்த அறுவைக்கு அடிப்படையாக உள்ளது. அடுத்த எண்பத்தைந்து ஆண்டுகள் வயிற்றைத் திறக்காமல் துளையிடும் வழி இருக்கவில்லை.

அவ்வழி குழந்தை ஒன்றின் பொருட்டே பிறந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், குழந்தை அறுவை மருத்துவர் மைக்கேல் காடரரும் எண்டோஸ்கோப்பி வல்லுநர் ஜெஃப்ரி பொன்ஸ்கியும் 1979ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று நாலரை மாதக் கைக்குழந்தைக்கு எண்டோஸ்கோப்பியின் துணையால் முதல் துளையீட்டைச் செய்தனர். குழந்தைகளின் வயிற்றுச் சுவர் மிக மெல்லியது. இரைப்பைக்குள் இருக்கும் எண்டோஸ்கோப்பியின் விளக்கொளி தோலுக்கு வெளியே தெரியும். ஒளி தெரியும் இடத்தில் இரைப்பை வயிற்றுச் சுவரை ஒட்டியிருக்கும் என்பதே இம்முறையின் அடிக்கோள். அவர்கள் பயன்படுத்திய குழாய், சிறுநீர் வடிப்பதற்கெனச் செய்யப்பட்ட காளான் தலை வடிவக் குழாயாகும். 1980இல் இது மருத்துவ இதழில் வெளியானதும் முதியோர் மருத்துவத்திலும் பரவியது. இன்று இம்முறையின் பெயரைக் கேட்டதும் பக்கவாதத்தால் படுத்த முதியோரே நினைவுக்கு வருகின்றனர் என்றாலும், இதன் தோற்றம் குழந்தை மருத்துவத்தில் ஆகும்.

1981இல் படத்தின் துணையுடன் செய்யும் முறையும், 1984இல் காடரர் வடிவமைத்த பொத்தான் எனப்படும் தட்டையான கருவியும், 1990களில் லேப்பராஸ்கோப்பி முறையும் அறிமுகமாயின.

எண்டோஸ்கோப்பி முறை

முழு மயக்கத்தில் உள்ள குழந்தையின் வாய்வழியாக எண்டோஸ்கோப்பி இரைப்பைக்குள் செலுத்தப்பட்டு, காற்றால் இரைப்பை உப்பவைக்கப்படும். அறை விளக்குகளைக் குறைத்து, தோலில் ஒளி தெளிவாகத் தெரியும் இடம் தேர்ந்தெடுக்கப்படும். அவ்விடத்தை வெளியிலிருந்து விரலால் அழுத்த, இரைப்பையின் உட்சுவர் குழிவது திரையில் தெரிதல் வேண்டும். இவ்விரண்டு அறிகுறிகளும் ஒன்றுபட்ட பின்னரே ஊசி குத்தப்படும். ஊசியின் வழியே நுழைத்த நூல் அல்லது கம்பியை எண்டோஸ்கோப்பியின் சுருக்கால் பற்றி வாய்வழியே வெளியே இழுப்பர். அதன் முனையில் ஊட்டுக்குழாயைக் கட்டி, வயிற்றுப் பக்கத்திலிருந்து இழுக்கும்போது குழாய் வாய், உணவுக்குழல், இரைப்பை ஆகியவற்றைக் கடந்து வயிற்றுச் சுவரின் வெளியே வரும். உள்முனையிலுள்ள தட்டு இரைப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ளும்.

முழுச் செயலும் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். வெட்டுக்காயம் சில மில்லிமீட்டர்களே. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு நாளுக்குள் ஊட்டத் தொடங்கலாம். கடும் இதய நோயுள்ள குழந்தைக்கு மயக்க நேரத்தின் ஒவ்வொரு நிமிடமும் பொருட்டாவதால், இவ்விரைவு பெரிய நன்மையாகும்.

இம்முறைக்கே உரிய குறைகளும் உள்ளன. குழாய் வாய்வழியே வருவதால் வாயிலுள்ள நுண்ணுயிர்களையும் உடன் கொண்டுவந்து துளையில் சீழ்வைக்கச் செய்யலாம். முன்கூட்டியே ஒரு வேளை நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதால் இது குறைகிறது. வெளித்தட்டை மிக இறுக்கமாக வைத்தால் உள்தட்டு மெல்ல இரைப்பைச் சுவருக்குள் புதைந்துவிடும். இதனைத் தவிர்க்க, துளை ஆறிய பின்னர் குழாயைச் சிறிதளவு உள்ளே தள்ளிச் சுழற்றிவிடுமாறு பெற்றோருக்குக் கற்பிக்கப்படுகிறது. மேலும், தட்டுள்ள குழாயைப் பின்னர் பொத்தானாக மாற்றுவதற்குச் சிறாருக்குப் பெரும்பாலும் மற்றொரு முறை மயக்க மருந்து தேவைப்படும். குழாயைத் தோலருகே வெட்டிவிட்டு, உள்தட்டு மலத்துடன் வெளியேறட்டும் என விடும் வழக்கம் பெரியவர்களிடம் உண்டு. சிறு குழந்தையின் குடலில் அத்தட்டு சிக்கிக்கொள்ளக் கூடும் என்பதால் அது ஏற்றதன்று.

இவையனைத்திலும் கடுமையானது பெருங்குடல் காயம் ஆகும். எண்டோஸ்கோப்பி காட்டுவது இரைப்பையின் உட்புறத்தை மட்டுமே. இரைப்பைக்கு வெளியே, வயிற்றுச் சுவருக்குப் பின்னால் உள்ள குறுகிய இடம் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டது. அவ்விடத்தில் குறுக்குப் பெருங்குடலின் ஒரு மடிப்பு நுழைந்திருப்பின், ஊசி அதனையும் ஊடுருவி இரைப்பைக்குள் செல்லும். சோதனையின்போது மிகுதியான காற்று சிறுகுடலுக்குள் சென்றால் அது பெருங்குடலை மேலே தள்ளும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த குழந்தையின் இரைப்பை விலா எலும்புகளுக்குப் பின்னால் உயர்ந்திருக்கும். பெருமூளை வாதம் உள்ளவர்களிடம் இவ்வளைவு மிகுதி. அதாவது இத்துளையீடு யாருக்கு மிகுதியும் தேவைப்படுகிறதோ, அவர்களிடமே அறிகுறிகள் தவறும் வாய்ப்பும் மிகுதி.

இக்காயம் உடனே வெளிப்படாமையே இதன் தீமை. குழாயைச் சுற்றிப் பெருங்குடல் சுவரும் இரைப்பைச் சுவரும் ஒட்டிக்கொள்வதால் கசிவு ஏற்படாமல் இருக்கலாம். குழாயின் முனை இரைப்பையில் இருப்பதால் குழந்தை நன்றாகவே உணவேற்று எடை கூடும். பல மாதங்கள் கழித்து முதல் குழாயை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகும்போது, அதன் முனை இரைப்பையை அடையாமல் பெருங்குடலிலேயே நின்றுவிடுகிறது. அன்று முதல் ஊட்டிய சிறிது நேரத்தில் பால் செரியாமல் அப்படியே மலத்துடன் வெளியேறும். எடை குறையத் தொடங்கும். குழாய் மாற்றிய சில நாட்களுக்குள் இத்தகைய வயிற்றுப்போக்கு தோன்றினால், அதனைக் கிருமித் தொற்று எனக் கொண்டு மருந்து கொடுப்பதற்கு முன், குழாய்வழியே நிறமூட்டும் நீர்மத்தைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

ஊசியுடன் பாதியளவு நீர் நிரப்பிய ஊசிக்குழலை இணைத்து உறிஞ்சியவாறே குத்துவது ஒரு தற்காப்பு. ஊசிமுனை திரையில் தோன்றுவதற்கு முன்பே குமிழிகள் வந்தால், இடையில் குடல் உள்ளது என்று பொருள்.

லேப்பராஸ்கோப்பி முறை

தொப்புளில் சிறு துளையிட்டு, கரியமில வாயுவால் வயிற்றறையை விரியச் செய்து, கேமரா உள்ளே செலுத்தப்படும். இரைப்பை, கல்லீரல், பெருங்குடல் ஆகியவை நேரே தெரியும். இடது மேல்வயிற்றில் இடும் மற்றொரு துளையின்வழி இரைப்பையைப் பற்றி, வயிற்றுச் சுவருடன் தையலிட்டு, அவ்விடத்திலேயே பொத்தானைப் பொருத்துவர். எனவே பின்னாளில் பொத்தானாக மாற்றுவதற்கென இரண்டாவது மயக்கம் தேவையில்லை. குழாய் கழன்றாலும் இரைப்பை தையலால் பிணைக்கப்பட்டிருப்பதால் வயிற்றுச் சுவரிலிருந்து எளிதில் விலகாது.

எண்டோஸ்கோப்பி முறையைவிட இதற்கு நேரம் கூடுதலாகும். வாயு அழுத்தம் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், இதயமும் நுரையீரலும் மிக நலிந்த குழந்தைகளுக்கு இது சுமையாகலாம். கருவிகளும் பயிற்சி பெற்ற குழந்தை அறுவை மருத்துவரும் உள்ள இடங்களில் மட்டுமே இதனைச் செய்ய இயலும். சில மருத்துவமனைகளில் இரு முறைகளும் இணைக்கப்படுகின்றன. துளையிடுவது எண்டோஸ்கோப்பியால், வெளிப்புறத்தைக் கண்காணிப்பது லேப்பராஸ்கோப்பியால்.

படத்தின் துணையுடன் செய்யும் முறை

மூக்குவழிக் குழாயால் இரைப்பையில் காற்றை நிரப்பி, கல்லீரலின் விளிம்பை மீயொலியால் குறித்துக்கொண்டு, எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்தவாறே ஊசி குத்தப்படும். பெருங்குடல் திரையில் தெரியும் பொருட்டு முன்னரே பேரியம் கொடுப்பது உண்டு. ஊசியின்வழி செலுத்தப்படும் சிறு பிணைப்பூசிகள் இரைப்பையை வயிற்றுச் சுவருடன் இழுத்துப் பிடிக்கும். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள சிறார் மருத்துவமனை இம்முறையைப் பெரிதும் கையாண்டு வளர்த்த நிலையங்களுள் ஒன்றாகும்.

குழாய் வெளியிலிருந்தே செல்வதால் வாயின் நுண்ணுயிர்கள் உடன் வருவதில்லை. உணவுக்குழல் சுருங்கியவர்களுக்கும், உராய்ந்தாலே தோலும் வாயின் உட்சவ்வும் கொப்புளிக்கும் பிறவி நோயுள்ளவர்களுக்கும் இது தக்கது. முழு மயக்கம் இன்றியும் சில வேளைகளில் செய்யலாம். கதிர்வீச்சுக்கு ஆட்படுதலும், குழாய் மெல்லியதாயின் அடிக்கடி அடைபடுதலும் இதன் குறைகள்.

திறந்த அறுவை

வயிற்றில் சிறு கீறலிட்டு, இரைப்பையை வெளிக்கொணர்ந்து, குழாயைச் சுற்றிச் சுருக்குப்பை போன்ற வட்டத் தையல்களையிட்டு, வயிற்றுச் சுவருடன் பிணைப்பதே ஸ்டாம் முறை. வலியும் தழும்பும் மிகுதி. எனினும் இது வழக்கொழியவில்லை. உணவுக்குழல் இணைப்பின்றிப் பிறந்த குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி இரைப்பையை அடைய வழியே இல்லை. இரைப்பையும் மிகச் சிறியதாக இருக்கும். முன்னர் பல அறுவைகள் நடந்து உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியுள்ள வயிற்றிலும் இம்முறை தேவைப்படலாம்.

ஒப்பீட்டுச் சான்றுகளும் அவற்றின் வரம்பும்

சிறாரிடையே இம்முறைகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, லேப்பராஸ்கோப்பியுடன் ஒப்பிடுகையில் எண்டோஸ்கோப்பி முறையில் குடல் காயம், தொடக்கத்திலேயே குழாய் கழலுதல், மீண்டும் மயக்கத்தில் திருத்த வேண்டிய சிக்கல்கள் ஆகியவை கூடுதல் எனக் கண்டது. தொற்று, கசிவு, துளையைச் சுற்றி மிகைச்சதை வளர்தல் போன்ற சிறு சிக்கல்கள் எம்முறையிலும் பரவலாக உள்ளன.

இம்முடிவை அப்படியே ஏற்பதற்கு முன் கருத வேண்டியவை சில உண்டு. ஆய்வுகளுள் பெரும்பாலானவை பழைய மருத்துவப் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்துச் செய்யப்பட்டவை. எந்தக் குழந்தைக்கு எந்த முறை என்பது குலுக்கலால் முடிவாகவில்லை. மருத்துவரின் தெரிவால் முடிவானது. கடினமான உடலமைப்புள்ளோர் அறுவை மருத்துவரிடமும், எளியோர் எண்டோஸ்கோப்பிக்கும் அனுப்பப்பட்டால், பின்னது உள்ளதைவிடப் பாதுகாப்பானதாகத் தோன்றும். மயக்கத்தைத் தாங்கமாட்டாத நலிந்தோர் விரைவான முறைக்கு அனுப்பப்பட்டால் விளைவு எதிர்த்திசையில் சாயும். மேலும், குடல் காயம் அரிதானது. ஒரே மருத்துவமனையில் சில ஆண்டுகள் அது நேராமையைக் கொண்டு, அங்குள்ள முறை பாதுகாப்பானது என முடிவுசெய்தல் இயலாது.

துளையீடே தேவையா என்னும் அடிப்படைக் கேள்விக்கும் சான்றுகள் மெலிந்தே உள்ளன. பெருமூளை வாதமுள்ள 57 சிறாரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் ஓராண்டில் எடை தெளிவாக உயர்ந்தது. ஆனால் துளையீட்டை வாய்வழி உணவுடன் ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனைகளைத் தேடிய 2013ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுரைக்குத் தகுதியான சோதனை ஒன்றுகூடக் கிட்டவில்லை. எடை குறைந்துவரும் குழந்தைக்கு ஊட்டத்தைக் குலுக்கலால் மறுப்பது அறமாகாது என்பதால், அத்தகைய சோதனை எளிதில் நடைபெறாது.

எனவே நடைமுறையில் தெரிவு குழந்தையைப் பொறுத்தே அமைகிறது. முதுகு வளைவு, முன்னர் நடந்த வயிற்று அறுவை, மூளையிலிருந்து வயிற்றறைக்கு நீர் வடிக்கும் குழாய் ஆகியவை இருப்பின், நேரே பார்த்துச் செய்யும் முறையை நாடுவது தக்கது. விளக்கொளி தெளிவாகத் தெரியாதபோது எண்டோஸ்கோப்பி முறையை அவ்விடத்திலேயே நிறுத்திவிடுதல் வேண்டும்.

எதுக்களிப்புத் தடுப்பு அறுவை

இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழலைச் சுற்றித் தைத்து எதுக்களிப்பைத் தடுக்கும் அறுவை, முன்னர் நரம்பியல் குறைபாடுள்ள சிறாருக்குத் துளையீட்டுடன் சேர்த்தே செய்யப்பட்டது. துளையீட்டால் எதுக்களிப்பு கூடும் என்னும் கருத்தே அதற்குக் காரணம். எல்லோருக்கும் அவ்வாறு நேர்வதில்லை எனப் பின்னர் தெரிந்ததால், இன்று அது வழக்கமாகச் சேர்த்துச் செய்யப்படுவதில்லை.

குழாய் கழன்றுவிட்டால்

இரைப்பைச் சுவரும் வயிற்றுச் சுவரும் ஒட்டி, துளை உறுதியான வழியாக மாறச் சில வாரங்கள் ஆகும். எண்டோஸ்கோப்பி முறையில் தையல் இல்லாமையால் முதல் மாற்றத்திற்கு இரண்டு மூன்று மாதங்கள் காத்திருப்பது வழக்கம். அதற்கு முன் குழாய் கழன்றால் வீட்டில் திரும்பச் செருக முயலுதல் கூடாது. இரைப்பை பின்னுக்கு நகர்ந்திருந்தால் புதிய குழாய் வயிற்றறைக்குள் சென்றுவிடும். அங்கு செலுத்தப்படும் பால் வயிற்றறை உறையில் அழற்சியை உண்டாக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கும். மருத்துவமனையில் குழாயைப் பொருத்தி, படத்தில் இடத்தை உறுதிசெய்த பின்னரே ஊட்டுதல் வேண்டும்.

துளை முதிர்ந்த பின் கழன்றால் நிலைமை வேறு. அப்போது காலத்தாழ்ச்சியே இடர். சில மணி நேரத்தில் துளை சுருங்கத் தொடங்கும். எனவே மாற்றுப் பொத்தான் ஒன்றையும், அதனைவிட ஓரளவு மெல்லிய குழாய் ஒன்றையும் குடும்பத்தினர் எப்போதும் உடன் வைத்திருத்தல் நலம். பலூனால் பற்றும் பொத்தானில் சில மில்லிலிட்டர் தூய நீர் நிரப்பப்பட்டிருக்கும். வாரம் ஒரு முறை அதனை உறிஞ்சி அளவு பார்த்தால், பலூன் ஓட்டையாவதை முன்கூட்டியே அறியலாம். இவ்வகைப் பொத்தான்கள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை மாற்றப்படுகின்றன. பயிற்சி பெற்ற பெற்றோர் இதனை வீட்டிலேயே செய்கின்றனர்.

அகற்றல்

குழந்தை வாயால் போதிய அளவு உண்ணவும், நோயுற்ற நாட்களிலும் நீர் அருந்தவும் தொடங்கிய பின், சில மாதங்கள் குழாயைப் பயன்படுத்தாமல் வைத்திருந்து பார்த்து அகற்றுவர். துளை பெரும்பாலும் சில நாட்களில் தானே மூடிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் குழாய் இருந்தவர்களிடம் துளையின் உட்புறம் தோலும் சவ்வும் வளர்ந்து மூடாமல் கசியக் கூடும். அவ்வாறாயின் சிறு அறுவையால் தைத்து மூடப்படும். தொப்புளுக்கு மேலே இடப்புறத்தில் சிறு குழிபோன்ற தழும்பு மட்டும் எஞ்சும்.